247 எழுத்து, ஆளுக்கொரு கை: குழுவாகச் சேர்ந்து ஒரே படம் செய்வது எப்படி?

பெரம்பூர்க்காரி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரம்பூர், அயனாவரம், கொளத்தூர் பக்கம் படம் வரைகிறவர்கள், எழுத்து எழுதிப் பழகுகிறவர்கள், சும்மா போட்டோ எடுக்கிறவர்கள் என்று கலந்துகட்டி ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். ஞாயிறு காலையில் தெருத்தெருவாகப் போய்க் கையால் எழுதிய கடைப் பலகைகளைப் படம் எடுப்பது வழக்கம். சைக்கிள் கடை, மாவு மில், டைலர் கடை, ஆட்டோவின் முதுகு, மீன்பாடி வண்டியின் பக்கவாட்டு, எதையும் விடுவதில்லை. அப்படிப் பார்த்த எழுத்துகளின் பாணியில் ஆளுக்கு ஒன்றிரண்டாக வரைந்து, 247 எழுத்தையும் ஒரே பெரிய படமாக்கி எங்கள் பகுதி நூலகத்தில் வைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். எல்லோருக்கும் பிடித்துப்போனது. பொங்கலுக்குள் முடித்துவிட வேண்டும் என்று ஆசை.

வரத் தொடங்கிய பிறகுதான் தலைவலி. ழ மட்டும் குவிந்து கிடக்கிறது. அ, ஃ இரண்டுக்கும் போட்டி. ஙீ, ஞௌ பக்கம் ஒருவரும் தலைவைத்துப் படுக்கவில்லை. ஒருவர் பென்சிலில் அனுப்புகிறார், ஒருவர் ஜிகினா ஒட்டி அனுப்புகிறார், ஒருவர் எழுத்தைச் சுற்றி மயில், தாமரை, கோபுரம் எல்லாம் வைத்து எழுத்து எங்கே என்று தேடவைக்கிறார். ஏஐ-யிடம் கேட்டு வாங்கி அனுப்பப்பட்ட ஒரு 'ணூ' எந்த மொழியிலும் இல்லாத எழுத்து. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பழைய பேப்பர் கடையில் மூட்டையைப் பிரித்துப் போட்ட மாதிரி இருக்கிறது.

இப்போது குழுவில் இரண்டு கட்சி. வோட்டு போட்டு நல்லதை மட்டும் எடுக்கலாம் என்கிறது ஒன்று. யாருடையதையும் ஒதுக்கக்கூடாது, குழு வேலை என்றால் அதுதானே என்கிறது இன்னொன்று. நடுவில் ஒருவர் டீ-ஷர்ட் போட்டு விற்கலாம் என்று கிளப்பிவிட, பணம் யாருக்கு, படம் யாருடையது என்று பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. இந்த மாதிரி வேலை செய்தவர்கள், பார்த்தவர்கள் சொல்லுங்கள். எந்த அளவுக்கு விதி வைக்கலாம்? விதி வைத்தால் ஆள் ஓடிவிடுவார்களா?

---

மாடவீதி

வோட்டு மட்டும் வேண்டாம் அம்மா. வோட்டு வைத்தால் அது போட்டி ஆகிவிடும். போட்டியில் தோற்றவர் அடுத்த ஞாயிறு வரமாட்டார்.

நான் மயிலாப்பூர். ஜனவரியில் வடக்கு மாடவீதியில் கோலப் போட்டி நடக்கும்போது போய்ப் பாருங்கள். ரோட்டில் ஆளுக்கு ஒரு கட்டம் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். கட்டத்துக்குள் புள்ளிக்கோலமோ சிக்குக்கோலமோ அவரவர் கைவண்ணம். ஆனால் கட்டத்தை விட்டு வெளியே வரக்கூடாது. தெருக்கோடியில் நின்று பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத கோலங்கள் ஒரே வேலையாகத் தெரிவதற்கு அந்தக் கட்டம்தான் காரணம், கோலம் இல்லை.

2021 ஜனவரியில் பைடன், கமலா ஹாரிஸ் பதவியேற்றபோது அமெரிக்காவில் ஒரு கோலம் செய்தார்கள், நினைவிருக்கிறதா? கமலாவின் தாத்தா பெசன்ட் நகர்க்காரர் என்பதால் நம் ஊரிலும் அந்தச் சமயத்தில் பேசிக்கொண்டோம். மேரிலாந்தில் இருக்கும் சாந்தி சந்திரசேகர் என்ற ஓவியர் முன்னின்று செய்த வேலை அது. கோவிட் காலம், ஒரே இடத்தில் நூறு பேர் குனிந்து மாவு போட முடியாது. அதனால் கோலத்தைச் சின்னச் சின்ன ஓடுகளாக (டைல் மாதிரி) பிரித்து, அவரவர் வீட்டிலேயே ஒரே அளவில் செய்து அனுப்பச் சொன்னார்கள். 1,800 பேருக்கு மேல் செய்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்பட. வாஷிங்டனில் தரையில் விரிப்பதாகத்தான் திட்டம். ஜனவரி 6 கலவரத்துக்கு அப்புறம் பாதுகாப்புக் கெடுபிடி வந்துவிட்டதால் முதலில் வீடியோவாகத்தான் வெளிவந்தது. பாருங்கள், துண்டு துண்டாக இருந்ததால்தான் இடம் போனாலும் வேலை போகவில்லை.

இன்னொன்று சொல்கிறேன், கொஞ்சம் மனதைப் பிசையும். எய்ட்ஸில் இறந்தவர்களுக்காக அமெரிக்காவில் 1987-ல் ஒட்டுத்துணி விரிப்பு ஒன்று தைக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு துண்டும் 3 அடிக்கு 6 அடி, கிட்டத்தட்ட ஒரு சமாதியின் அளவு. அதற்குள் இறந்தவரின் சட்டையைத் தைக்கலாம், பொம்மை தைக்கலாம், பெயர் மட்டும் எழுதலாம், யாரும் கேட்கமாட்டார்கள். எட்டுத் துண்டு சேர்ந்தால் 12 அடிச் சதுரம். அந்த அக்டோபரில் வாஷிங்டனில் முதல்முறை விரித்தபோது 1,920 துண்டுகள். தையலே தெரியாதவர்கள் தைத்ததும் அதில் இருக்கிறது. நன்றாக இருக்கிறதா இல்லையா என்று எடைபோட்டு யாரும் ஒதுக்கவில்லை.

ஆகவே ஓட்டின் அளவு, எழுத்தின் உயரம், சுற்றி விடவேண்டிய வெள்ளை இடம், இரண்டு நிறம். இவ்வளவு விதி போதும். ஜிகினா ஒட்டுகிறவர் ஒட்டட்டும்.

---

சும்மா_எட்டிப்பார்த்தேன்

ஙீ, ஞௌ எல்லாம் சீட்டுக் குலுக்கிப் போடுங்க. ஏலச்சீட்டு ஊரில் இதுக்கு யாரும் முனக மாட்டாங்க.

---

எழுத்துருப்_பித்தன்

ஜிகினா விஷயத்தில் மாடவீதி அம்மாவோடு எனக்குச் சண்டை, அதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு அடிப்படைக் கேள்வி: 247-ம் தேவைதானா? எழுத்துரு (ஃபாண்ட்) செய்கிறவர்கள் யாரும் 247-ஐ உட்கார்ந்து வரைவதில்லை. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடிலும் 247-க்குத் தனித்தனி இடம் கிடையாது, 'கொ' என்பது க-வும் கொம்பும் காலும்தான். உண்மையில் புது வடிவம் எதற்கெல்லாம் தேவை என்று எண்ணிப் பாருங்கள். உயிர் 12, மெய் 18 (மேலே வைக்கும் புள்ளியைக் கணக்கில் சேர்க்கவில்லை), ஆய்தம் 1. அப்புறம் உகர, ஊகார வரிசை, இங்கேதான் நம் எழுத்து வேடிக்கை காட்டும். கு, சு, டு, ணு, து என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் வாலை நீட்டும், அதனால் 36-ஐயும் தனியாக வரைய வேண்டும். டி, டீ இரண்டும் தனி. மீதிக்குக் கால், மேலே வளையும் சுழிகள் இரண்டு, ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு, ஔகாரத்தின் வால் என்று ஏழு குறிகள். கூட்டினால் 76. உங்கள் குழுவில் இருப்பவர்களுக்கு இது கச்சிதமாக வரும், ஞௌ வரைய ஆள் தேட வேண்டியதில்லை. நாளைக்கே இதை ஒரு எழுத்துருவாகவும் மாற்றலாம், கடிதம் எழுதினால் ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொருவர் கை.

இரண்டாவது, பழைய லை-யா புது லை-யா? சிரிக்காதீர்கள், இது வரும். பெரியார் நூற்றாண்டையொட்டி 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. அதற்கு முன் லை, ளை, ணை, னை நான்கும் யானைத் தும்பிக்கை மாதிரி முன்னால் வளைந்து நிற்கும். ணா, றா, னா மூன்றும் காலைத் தனியாக வைக்காமல் கீழே சுழித்துக்கொள்ளும். அவற்றோடு கொம்பு சேர்ந்த ணொ, றோ வகையறா ஆறையும் சேர்த்தால் மாறியவை பதின்மூன்று. ஆணை வந்து இத்தனை வருடம் ஆனபின்னும் பழைய பலகை எழுதிய பெரியவர்களின் கை அதை விடவில்லை. நீங்கள் தெருவில் படம் எடுக்கிறவர்கள் என்பதால் உங்கள் போட்டோக்களில் கட்டாயம் ஒன்றிரண்டு தும்பிக்கை இருக்கும். இரண்டையும் கலக்கப் போகிறீர்களா, ஒன்றை மட்டும் எடுக்கப் போகிறீர்களா, முன்பே சொல்லிவிடுங்கள். என்னைக் கேட்டால் கலக்கலாம், தெருவில் கலந்துதானே இருக்கிறது.

மூன்றாவது உரிமை. இந்தியச் சட்டப்படி வரைந்தவர்தான் அந்தப் படத்துக்கு உரிமையாளர், அதற்கென்று எங்கும் பதிவுகூடச் செய்ய வேண்டியதில்லை. குழுவில் போட்டதாலேயே அது குழுவின் சொத்தாகிவிடாது. ஆகவே அனுப்பும்போதே ஒரு வரி எழுதி வாங்குங்கள்: இதைப் படத்தில் சேர்க்கலாமா, விற்பனைப் பொருளில் போடலாமா, மற்றவர்கள் மாற்றிப் பயன்படுத்தலாமா என்று. யாரும் எடுத்துப் பயன்படுத்த ஆயத்தமாக எழுதிவைத்திருக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டால் வாசகம் நீங்களே எழுத வேண்டாம். எழுத்துருவாகப் போனால், எழுத்துருக்களுக்கென்றே இருக்கும் எஸ்ஐஎல் திறந்த உரிமம். நாம் இலவசமாக இறக்கிப் பயன்படுத்தும் பாலு தம்பி, முக்த மலர் எழுத்துருக்கள் எல்லாம் அந்த உரிமத்தில் வந்தவைதான். அவற்றைச் செய்த மும்பை ஏக் டைப்பும் ஒரு கூட்டுக்குழுதான், ஒற்றை ஆள் இல்லை. ஆனால் அவர்கள் எழுத்து வரைவதையே தொழிலாகப் படித்தவர்கள், ஆளுக்கொரு பாணி என்று விட்டுவிடுவதில்லை.

ஆங், ஜிகினா. அது ஸ்கேன் ஆகாது. அவ்வளவுதான் சண்டை.

---

பெரம்பூர்க்காரி

76 கணக்கு இதுவரை எங்களில் யாருக்கும் தோன்றவில்லை, நன்றி. ஆனால் சொன்னால் குழுவில் அடி விழும், '247' என்று சொல்லித்தான் எல்லோரையும் இழுத்திருக்கிறோம். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் அட்டவணை மாதிரி வரவேண்டும் என்று ஒரு தாத்தா பிடிவாதமாக இருக்கிறார். மாடவீதி அம்மா, ஓட்டின் அளவு என்ன வைக்கலாம் என்று நினைக்கிறீர்கள்?

---

அச்சாபீஸ்

அளவு நான் சொல்கிறேன். ராயப்பேட்டையில் பிரஸ் வைத்திருக்கிறேன், இந்த மாதிரி வேலை கொண்டுவருகிறவர்களிடம் கத்திக் கத்தித் தொண்டை போயிற்று.

தாத்தா பிடிவாதம் சரிதான் தங்கச்சி. 247-ஐ விடாதே. ஏன் என்றால் அது 13 தரம் 19. மேலே வரிசையாகப் பன்னிரண்டு உயிர், இடப்பக்கம் கீழே இறங்கினால் பதினெட்டு மெய், இரண்டும் சந்திக்கிற மூலைக் கட்டம் காலியாக இருக்கும், அதில் ஃ. உள்ளே 216 உயிர்மெய். ஒரு கட்டம் மிச்சமில்லை, ஒரு கட்டம் குறைவில்லை. இப்படி ஒரு செவ்வகம் தானாக வந்து விழுந்திருக்கும்போது எதற்கு 76? (பித்தன் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம், உன் கணக்கு எழுத்துருவுக்குச் சரி, சுவருக்கு இது.)

ஓடு 6 அங்குலச் சதுரம் வை. அகலம் ஆறரை அடி, உயரம் ஒன்பதரை அடி வரும். நூலகச் சுவர் அவ்வளவு உயரம் இல்லை என்றால் படுக்கவைத்துவிடு, மெய்யை மேலே கொண்டுபோய் உயிரைப் பக்கத்தில் இறக்கினால் போதும். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் ஒரு ஓட்டுக்கு 1800க்கு 1800 பிக்சல் வேண்டும். பத்தடி தள்ளி நின்று பார்க்கிற படத்துக்கு அதில் பாதிகூடப் போதும்தான், ஆனால் பாதி என்று சொன்னால் ஜனங்கள் கால்வாசியை அனுப்புவார்கள், அதனால் 1800 என்றே சொல்.

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல். காகிதத்தில் வரைகிறவர்கள் போனில் படம் எடுத்தால் ஓரம் கோணலாக வரும், நிழல் விழும். எல்லாவற்றையும் ஒருநாள் வாங்கிவந்து ஒரே ஸ்கேனரில் போடுவது உத்தமம். நிறம் இரண்டு என்று மாடவீதி அம்மா சொன்னது நல்ல யோசனை, ஆனால் எந்த இரண்டு என்று ஆள் ஆளுக்கு முடிவு செய்தால் போச்சு. போன் திரையில் ஜொலிக்கிற நீலமும் பச்சையும் அச்சில் மங்கிப்போகும், அப்புறம் பிரஸ்காரன் கெடுத்துவிட்டான் என்பார்கள். கறுப்பும் மஞ்சளும், இல்லை கறுப்பும் செங்கல் சிவப்பும். கறுப்பு என்றால் ஒற்றைக் கறுப்பு, நாலு மையும் கலந்த கறுப்பு இல்லை.

அப்புறம் முக்கியமானது: ஒரே ஷீட்டாக அடிக்காதே. தனித்தனி ஓடாக அடித்து 5 மில்லிமீட்டர் சன்போர்டில், அதாவது லேசான நுரைப் பலகையில், ஒட்டு. கடைசி நாளில் ஏதாவது ஒரு எழுத்து வரவில்லை, தப்பாக வந்தது என்றால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஒரே ஷீட்டில் தப்பு வந்தால் ஒன்பதரை அடியையும் திரும்ப அடிக்க வேண்டும்.

---

எழுத்துருப்_பித்தன்

13 × 19. இவ்வளவு நாளாக எழுத்தோடு கட்டிப்புரள்கிறேன், அந்தச் செவ்வகத்தை அச்சாபீஸ் அண்ணன் காட்டித்தான் பார்க்கிறேன். 76-ஐ வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், சுவருக்கு மட்டும்.

---

பிக்சல்_பையன்

எல்லோரும் பெரியவங்க மாதிரி பேசுறீங்க, நான் எதிர்ப்பக்கம் பேசுகிறேன். ஒதுக்கீடும் வேண்டாம், சீட்டும் வேண்டாம், காலி அட்டவணையை மட்டும் போட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். 2017 ஏப்ரலில் ரெடிட் என்ற இணையதளத்தில் நடந்த 'பிளேஸ்' தெரியுமா? 1000க்கு 1000 கட்டம் உள்ள ஒரு வெள்ளைப் பலகை, 16 நிறம், ஒரு ஆள் ஒரு சமயத்தில் ஒரே ஒரு புள்ளி வைக்கலாம், அடுத்த புள்ளிக்கு ஐந்து முதல் இருபது நிமிடம் காத்திருக்கணும். மொத்தம் 72 மணி நேரம். பத்து லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். யாரும் தலைவர் இல்லை, யாரும் விதி எழுதவில்லை. கொடிகள் வந்தன, மோனா லிசா வந்தது, ஒருத்தர் வரைந்ததை ஒருத்தர் அழித்தார்கள், அப்புறம் சமாதானம் பேசி எல்லை போட்டுக்கொண்டார்கள். 2022-ல் திரும்ப வைத்தபோது பலகையைக் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கி 2000க்கு 2000 ஆக்கினார்கள், கடைசியில் வெள்ளை நிறம் மட்டும்தான் வைக்கலாம் என்று மாற்றிவிட, ஜனங்களே எல்லாவற்றையும் வெள்ளையடித்து மூடினார்கள். அந்த நேரத்தில் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும் அது என்ன உணர்வு என்று.

உங்கள் அட்டவணையிலும் ஒரே கட்டத்துக்குப் பத்து ழ வரட்டுமே. யார் கடைசியாக வைத்தாரோ அவருடையது.

---

விக்கிவாசி

தம்பி, விதி இல்லை என்று நீயே சொல்கிறாய், அதற்கு முன்னால் நாலு விதியும் நீயே எழுதியிருக்கிறாய். ஒரு புள்ளி, காத்திருக்கும் நேரம், 16 நிறம், கட்டத்தின் அளவு. அதை எழுதியவர்கள் ரெடிட் ஆட்கள். மாடவீதி அம்மா சொன்ன கட்டம்தான் அதுவும். அதோடு 2022-ல் பாட் (தானாக இயங்கும் நிரல்) வைத்துப் புள்ளி போட்டார்கள் என்று எவ்வளவு புகார். பத்து லட்சம் பேர் வரும் இடத்தில் ஒருவருடையதை அழித்தால் அவருக்கு முகம் தெரியாது, மறந்துபோவார். பெரம்பூரில் ஒருவர் வரைந்த ழ-வை அழித்தால் மறுநாள் அவரை மார்க்கெட்டில் பார்க்க வேண்டும்.

ஆனால் ஒன்று உண்மை, வேலை ரொம்பச் சின்னதாக இருந்தால் கூட்டம் வரும். நம் ஊரிலேயே 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது யாரும் சேர்ந்து திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து ஒரு வெள்ள வரைபடம் போட்டார்கள். உங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறதா, அந்தத் தெருவின் மேல் ஒரு தட்டு, நிறம் மாறிவிடும். கணக்கு தொடங்க வேண்டாம், வரைபடம் பற்றி எதுவும் தெரிய வேண்டாம். ஆயிரக்கணக்கான தெருக்கள் நிறம் மாறின. அதையும் வடிவமைப்பு என்றுதான் நான் சொல்வேன்.

நான் சொல்லவந்தது சரிபார்ப்பு பற்றி. விக்கிப்பீடியாவின் புதிர்க்கட்டை உருண்டை, எல்லோரும் பார்த்திருப்பீர்கள், அதில் நம் 'வி'யும் ஒரு கட்டையில் இருக்கிறது. 2003-ல் பயனர்களுக்குள் போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்த படத்தை அப்படியே போடவில்லை, வேறொரு பயனர் அதைத் திரும்ப வரைந்து சீர் செய்தார். அப்படியும் ஜப்பானிய எழுத்தும் தேவநாகரி எழுத்தும் தப்பாகவே இருந்தன. உலகத்தில் அத்தனை பேர் தினமும் பார்க்கும் படம், 2010-ல் புதுப்பிக்கும்போதுதான் சரிசெய்தார்கள். கூட்டம் பெரிதாக இருந்தால் தப்பு தானாகத் தெரிந்துவிடும் என்று நம்பாதீர்கள். தெரிந்தாலும் திருத்தும் வேலை யாருடையது என்று இல்லாவிட்டால் அப்படியே கிடக்கும்.

ஆகவே வரைவதற்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கட்டும், 'இது அந்த எழுத்துதானா' என்று மட்டும் பார்க்க இரண்டு பேரை வையுங்கள். அழகைப் பற்றி அவர்கள் வாயே திறக்கக்கூடாது. ஔ-வில் பின்னால் வருவதைப் பெரிய ள-வாக எழுதி ஒ-வும் ள-வும் ஆக்குவது, ரூ-வையும் றூ-வையும் குழப்புவது, ணு-வில் ஒரு சுழி விட்டுப்போவது, இவையெல்லாம் நிச்சயம் வரும். உங்கள் ஏஐ ணூ-வும் அங்கேயே மாட்டிக்கொள்ளும், யார் மனமும் நோகாது.

---

ஓஎம்ஆர்_ஓவியன்

நான் சுவர் ஆள். அச்சு பற்றித் தெரியாது, ஒரே ஒரு விஷயத்துக்காக எழுதுகிறேன். இதுவரை யாரும் அதைத் தொடவில்லை.

கடைப் பலகையின் பாணியில் வரைகிறோம் என்றீர்கள். அந்தப் பலகையை எழுதியவர் யார்? ஓரத்தில் பாருங்கள், பல பலகைகளில் சின்னதாக '... ஆர்ட்ஸ்' என்று போட்டு ஒரு போன் நம்பரும் இருக்கும். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அவர்களில் நிறையப் பேர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்கள். வேறு வேலைக்குப் போனவர்கள் எனக்கே தெரியும். அவருடைய கையைப் பார்த்து ஒரு காலேஜ் பையன் டேப்லெட்டில் வரைந்து, அது டீ-ஷர்ட்டில் ஏறி, கீழே பையனின் பெயர் மட்டும் இருந்தால் நன்றாகவா இருக்கிறது? பாணிக்குச் சட்டப்படி உரிமை கோர முடியாமல் இருக்கலாம். எனக்கு அது பொருட்டில்லை. அந்த நம்பருக்கு ஒரு போன் போடுங்கள். போனை எடுத்தால் 247-ல் சிலவற்றை அவர்களையே எழுதச் சொல்லுங்கள், எழுதினால் கூலி கொடுங்கள். நீங்கள் பொழுதுபோக்குக்குச் செய்கிறீர்கள், அவருக்கு அது தொழில். கடையின் பெயரையும் எழுதியவர் பெயரையும் ஓட்டின் பின்னாலோ ஒரு பட்டியலிலோ போடுங்கள்.

கண்ணகி நகரில் 2020-ல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை பெரிய பெரிய சுவரோவியங்கள் வரையவைத்ததைப் பார்த்திருப்பீர்கள். ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குடியமர்த்திய மக்கள் இருக்கும் இடம், பெயரைச் சொன்னாலே வேலை தரத் தயங்குவார்கள் என்று அங்கே இருக்கிறவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். படம் வந்த பிறகு போட்டோ எடுக்க வெளியாட்கள் வந்தார்கள். அது நல்லதுதான். இருந்தாலும் அது தேர்ந்த ஓவியர்கள் வந்து பெரிய கம்பெனி கொடுத்த பெயிண்டில் வரைந்த வேலை. நீங்கள் செய்வது அந்த வகை இல்லை, அதோடு ஒப்பிட்டு உங்கள் படம் பளிச்சென்று இல்லையே என்று வருந்தாதீர்கள். கோணலாக இருக்கிற எழுத்து கோணலாகவே இருக்கட்டும்.

---

மாடவீதி

ஓவியன் சொன்னது நெஞ்சில் பட்டது. கூலி கொடுக்கப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். டீ-ஷர்ட் அதற்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் இருக்கிறதே, 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் சேர்ந்து உண்டாக்கிய கிராமம், அது எப்படி நின்றது என்று நினைக்கிறீர்கள்? ஓவியம் விற்றுச் சாப்பிட முடியாத காலம். எல்லோருமாக பாட்டிக் (மெழுகு வைத்துச் சாயமேற்றும்) துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று, அந்தப் பணத்தில் நிலம் வாங்கி, சாப்பாட்டுக்கும் பார்த்துக்கொண்டு, தனக்குப் பிடித்த ஓவியத்தைத் தனியாக வரைந்தார்கள். விற்கிற பொருள் வேறு, வரைகிற படம் வேறு என்று பிரித்துவைத்தார்கள். உங்கள் படம் நூலகத்தில் இலவசமாக இருக்கட்டும். டீ-ஷர்ட்டில் வருவது அச்சுச் செலவுக்கும் பலகை எழுதுகிறவர் கூலிக்கும் போகும், மிச்சம் இருந்தால் நூலகத்துக்கு என்று எழுதி ஒட்டிவிடுங்கள். யாருக்கும் லாபம் இல்லை என்று தெரிந்தால் சண்டை பாதி அடங்கும். மீதி அடங்காது, அது குழுவின் இயல்பு.

---

பெரம்பூர்க்காரி

நேற்றுக் குழுவில் பேசினோம். 13 × 19 என்றதும் தாத்தா கைதட்டினார். ஒவ்வொருவரும் முதலில் ஒரு எழுத்தைத் தாமாக எடுத்துக்கொள்ளலாம், முந்தினவருக்கு அது. அதற்கு மேல் வரைய விரும்புகிறவர்களுக்குச் சீட்டு. ங வரிசை முழுவதையும் அயனாவரத்தில் இருக்கும் ஒரு அக்கா தானே கேட்டு வாங்கிக்கொண்டார், எதற்கு என்று கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறார். மீதி வந்த ழ எல்லாவற்றையும் தனியாக ஒரு சின்னப் படமாக்கி அட்டவணைக்குப் பக்கத்தில் வைக்கப்போகிறோம் (பிக்சல்_பையனுக்குப் பாதி வெற்றி). தும்பிக்கை லை உண்டு. சரிபார்க்க ஒரு தமிழாசிரியரும், பழைய பலகை எழுதும் பெரியவர் ஒருவரும். அவரை நாங்கள் போனில் பிடித்துவிட்டோம், ஓவியன் அண்ணா! கூலி பேசியாயிற்று, ஐந்து எழுத்து எழுதித் தருகிறார், டேப்லெட்டில் வரைகிறவர்களுக்கு ஒரு ஞாயிறு தூரிகை பிடிக்கவும் சொல்லித் தருவதாகச் சொன்னார்.

உரிமம் பற்றி இன்னும் இழுபறி. விற்கலாம் என்பதற்கு எல்லோரும் சரி, மாற்றலாம் என்பதற்கு நாலைந்து பேர் சம்மதிக்கவில்லை.

அச்சாபீஸ் அண்ணா, ஒரு கேள்வி. நூலகத்தில் உள்ளே இடம் தருகிறார்கள், ஆனால் வெளிச்சுவரில் வைத்தால் தெருவில் போகிறவர்களும் பார்க்கலாமே என்று சிலர். சன்போர்டு தாங்குமா?

---

எழுத்துருப்_பித்தன்

மாற்றச் சம்மதிக்காதவர்களை வற்புறுத்த வேண்டாம். அவர்களுடையது படத்தில் மட்டும் இருக்கட்டும், எழுத்துருவில் அந்த எழுத்தை வேறொருவர் வரைந்தால் முடிந்தது. யார் எதற்குச் சம்மதித்தார் என்று ஒரு எக்செல் தாளில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு வருடம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

---

அச்சாபீஸ்

சன்போர்டு வெளியில் தாங்காது. வெயிலில் வளையும், மழையில் ஒட்டு விடும். உள்ளேயே வை. வெளியில்தான் வேண்டும் என்றால் ஏசிபி ஷீட்டில் (அலுமினியத் தகடு ஒட்டிய பலகை) ஒட்ட வேண்டும், மேலே லேமினேஷன் போட வேண்டும், செலவு எங்கேயோ போகும். இன்னொரு வழி, அந்தப் பெரியவர்தான் கிடைத்துவிட்டாரே, வெளிச்சுவரில் மேல் வரிசை பதின்மூன்று எழுத்தை மட்டும் பெயிண்டில் எழுதச் சொல், சுவருக்கு அனுமதி மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள். டிசம்பர் மழை விட்டபிறகு ஆரம்பித்தால் சுவர் காய்ந்திருக்கும், பொங்கலுக்குள் முடியும்.

ஓடு அச்சடிக்கும் முன் அ, ழ, ணூ மூன்றையும் மட்டும் அனுப்பு. மாதிரி போட்டுத் தருகிறேன், கறுப்பு எப்படி விழுகிறது என்று பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மீதி 244-ஐ அனுப்பலாம்.